ஓர் ஓட்டைக்கு அனுமதி

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ‘தண்ணி நல்ல தண்ணியா, உப்பா?’ ‘கரண்ட் யூனிட்டுக்கு எவ்ளோ?’ ‘பைக்கை உள்ளே விடலாமா?’ பதிலுக்கு வீட்டுக்காரர் கேட்பதற்கும் ஒரு வரிசை உண்டு. எத்தனை பேர், எங்கே உத்தியோகம், சைவமா, ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டலாம்? (ஜாதகத்தை வாங்கிப் பார்க்காததுதான் பாக்கி!) இத்தனை கேள்வி பதிலுக்குப் பிறகும் ஒரு விஷயம் பேசப்படாமலே போய்விடுகிறது. சுவர் யாருடையது?

சிரிக்காதீர்கள். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் நாம் கொடுக்கும் வாடகை, நான்கு சுவருக்கு நடுவில் இருக்கும் காற்றுக்குத்தான். தரையில் படுக்கலாம். கூரைக்குக் கீழே ஃபேன் போட்டுக்கொள்ளலாம். சுவரைத் தொடக் கூடாது. எங்கள் அக்ரிமெண்ட்டில் பதினாலாவது ஷரத்து: ‘வாடகைதாரர் சுவர்களில் ஆணி அடிக்கவோ, துளையிடவோ கூடாது.’ அதற்கு மரியாதை கொடுத்து என் மனைவி சாமி படங்களையெல்லாம் ஷெல்ஃபில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறாள். தினசரி காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காற்றடித்தால் நாளும் கிழமையும் தானாகப் புரளும்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது, எந்தச் சண்டையும் இல்லாமல். நங்கநல்லூரில் மாடி போர்ஷன். ஓனர் சார் கீழே. அரசாங்க உத்தியோகத்தில் ரிடயர் ஆனவர், கண்டிப்பானவர், நல்லவர். இந்த மூன்று குணங்களும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு 2024 நவம்பரில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த அப்பா, மறுநாள் காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன். பதினைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘மூணு மாசம் ஜாக்கிரதையா பார்த்துக்குங்க, இன்னொரு தடவை விழவே கூடாது’ என்றார் டாக்டர். அம்மா இல்லை. மனைவி டீச்சர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை நாலரை. எனக்கு ஓ.எம்.ஆரில் ஆபீஸ், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கணக்கு வழக்குகள். இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரி தின்றுவிட்டது.

மேனேஜர் நல்ல மனுஷர். டிசம்பர் 2-ம் தேதி திங்கள்கிழமையிலிருந்து மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. ‘வீட்டுல ஒயர்டு கனெக்‌ஷன் இருக்கணும். மொபைல் ஹாட்ஸ்பாட் எல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. கிளையண்ட் ரூல்.’

அதுவரை எங்கள் வீட்டில் இண்டர்நெட் என்பது ஆளுக்கொரு செல்போன்தான். சினிமா பார்க்க, சித்தியுடன் பேச அது போதும். இப்போது ஃபைபர் வேண்டும். கையில் இரண்டு வாரம் இருந்தது.

போன் போட்டேன். ‘உங்க தெருமுனைவரைக்கும் நம்ம லைன் இருக்கு சார். இருபத்தி நாலு மணி நேரத்துல போட்டுடுவோம்’ என்றது ஒரு தேன்குரல். மறுநாளே ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தன் தோளில் கறுப்பு ஒயர் சுருள், இன்னொருத்தன் கையில் ட்ரில் மெஷின். கம்பத்திலிருந்து மாடி ஜன்னல்வரை கண்ணால் அளந்துவிட்டு, பெரியவன் கேட்டான்:

‘ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டீங்களா சார்?’

ட்ரில் மெஷினைப் பார்த்ததுமே ஓனர் சார் திண்ணையிலிருந்து எழுந்துவிட்டிருந்தார்.

* * *

‘எதுக்கு தம்பி அது?’

‘ஃபைபர் சார். இண்டர்நெட். சுவரில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. பென்சில் அளவுதான்.’

‘பதினாலாவது ஷரத்து படிச்சீங்களா?’

‘படிச்சேன் சார். அதனாலதான் கேட்கறேன்.’

அவர் கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு வீட்டின் மேற்குப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே சுவரில் சிமெண்ட் பூசி அடைத்த வட்டங்கள், அம்மைத் தழும்பு மாதிரி. எண்ணினேன். ஏழு. ‘உங்களுக்கு முன்னாடி இருந்தவர். டி.வி. டிஷ் மூணு தடவை மாத்தினார். ஏ.சி. வெச்சார். ஒவ்வொண்ணுக்கும் ‘ஒரே ஒரு சின்ன ஓட்டை சார்’னுதான் சொன்னார். மழைக்காலத்துல அத்தனையும் உள்ளே ஊறி, கீழே என் பெட்ரூம் சீலிங் உதிர்ந்து விழுந்துது. அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார். நான் எங்கே போறது?’

இதற்கு என்ன பதில் சொல்வது? பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. செங்கல் செங்கலாகப் பக்கத்தில் நின்று பார்த்துக் கட்டியவர். அவருக்கு அது சுவர் இல்லை, தோல்.

பையன்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ‘ஓ.கே. ஆனதும் கால் பண்ணுங்க சார்.’ தேன்குரலிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. ‘வாடிக்கையாளர் தரப்பில் தயாராக இல்லாததால் உங்கள் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

அன்று ராத்திரி அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, இந்த ஃபைபர் என்பது என்ன சமாச்சாரம் என்று உட்கார்ந்து படித்தேன். எதிரியின் பலம் தெரிந்தால்தானே வாதாட முடியும்?

படிக்கப் படிக்க ஆச்சரியம். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்ற சர்தார்ஜி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டுக்குள் ஒரு படத்தையே வளைத்து அனுப்பலாம் என்று 1954-ல் நிரூபித்தார். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடியில் ஒளி கொஞ்ச தூரம் போவதற்குள் செத்துவிடும். 1966-ல் சார்லஸ் காவ் என்பவர், ‘குற்றம் ஒளியில் இல்லை, கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்கில்’ என்று கணக்குப் போட்டுச் சொன்னார். நான்கே வருஷத்தில், 1970-ல், அமெரிக்காவில் அப்படிப்பட்ட சுத்தக் கண்ணாடியை இழுத்துக் காட்டிவிட்டார்கள். காவுக்கு 2009-ல் நோபல் பரிசு. கபானிக்கு நம் அரசாங்கம் 2021-ல் பத்ம விபூஷண் கொடுத்தது, அவர் இறந்த மறு வருஷம்!

இன்றைய ஃபைபரில் ஒளி ஓடும் பாதையின் குறுக்களவு என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒன்பது கூறு. அதற்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பதினைந்து கிலோமீட்டர் போன பிறகும் பாதி வெளிச்சம் மிச்சமிருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு கேபிள் போட்டுவிட்டார்கள். ஒளி அதைக் கடக்க ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. வழியில் ஒரு சுறாமீனிடம்கூட என்.ஓ.சி. வாங்க வேண்டியதில்லை.

அப்படி வங்காள விரிகுடாவையே தாண்டி வரும் ஒளி, நங்கநல்லூரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு முன்னால் கைகட்டி நிற்கிறது.

* * *

மறுநாள் இந்த விஞ்ஞானத்தையெல்லாம் எளிமைப்படுத்தி ஓனர் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

‘உள்ளே லைட்டு வருதுங்கறீங்க.’

‘ஆமா சார்.’

‘லைட்டு வருதுன்னா கரண்ட்டு வருதுன்னுதானே அர்த்தம்? இடி இறங்கினா?’

‘கண்ணாடி சார். கரண்ட் பாயாது.’

‘அந்தப் பையன் கொண்டு வந்த ஒயருக்குள்ளே கம்பி இருந்துதே, நான் பார்த்தேனே!’

ரிடயர் ஆனாலும் கண் ரிடயர் ஆகவில்லை. அவர் சொன்னது உண்மை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஒயரில் கண்ணாடி இழைக்குத் துணையாக, பாரம் தாங்க, ஓர் இரும்புக் கம்பியும் இருக்கும். பையனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ‘அதை வெளிச் சுவர்லயே வெட்டிக் கட்டிடுவோம் சார். உள்ளே வெறும் கண்ணாடிதான் வரும்’ என்றான். இந்தச் சந்தேகம் தீர்ந்ததும் அடுத்தது வந்தது.

எங்கள் தெரு கேபிள் டி.வி.காரரின் பெட்டி ஒன்று ஓனர் சார் மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்குப் பிரதியுபகாரமாக ஓனர் சாருக்கு கேபிள் இலவசம். ‘வேற கம்பெனி ஒயர் உங்க வீட்டுக்கு வந்தா நமக்குள்ள சரிப்படாது சார்’ என்று அவர் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ‘நீயே ஃபைபர் கொடேம்ப்பா’ என்று நானே அவரிடம் போனேன். ‘ஜனவரில வருது சார்’ என்றார். அப்பா டிசம்பரில் அல்லவா படுத்திருக்கிறார்!

அப்புறம் பக்கத்து வீட்டு மாமியின் முருங்கை மரம். கம்பத்துக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே சரியாக ஒரு கிளை. ‘காய்க்கிற மரத்துல கத்தி வைக்கப்படாது’ என்று மாமி சொல்லிவிட்டார். நியாயம்தான். அந்த மரத்து முருங்கைக்காய் எங்கள் வீட்டு சாம்பாரிலும் மிதந்திருக்கிறது.

கடைசியாக, காகிதம். வாடகை வீடு என்றால் ஓனரிடமிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதம் வேண்டுமாம். இந்தக் கட்டத்தில்தான் ஓனர் சார் அடிமனதிலிருந்து பேசினார்.

‘தம்பி, வாயால சரின்னு சொல்றது வேற. கையெழுத்து வேற. உங்க பேர்ல இந்த அட்ரஸுக்கு ஒரு கனெக்‌ஷன், அதுக்கு நான் கையெழுத்து... நாளைக்கு நீங்க அப்படிச் செய்வீங்கன்னு சொல்லலை. ஆனா ஊர்ல நடக்குதே!’

இண்டர்நெட் பில்லைக் காட்டி எந்தக் கோர்ட்டிலும் யாரும் வீட்டை எழுதி வாங்கிவிட முடியாது. ஆனால் பயத்துக்கு சட்டம் தெரியாதே.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் கொதித்தான். ‘சட்டம் இருக்குடா! விடாதே!’

சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 1960-ம் வருஷத்துச் சட்டம் அதோடு ஓய்வு பெற்றது. மத்திய அரசு 2021-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தைப் பார்த்தேன். வாடகைதாரருக்கு நிறுத்தக் கூடாத அத்தியாவசிய வசதிகள் என்று ஒரு பட்டியல். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு என்று போகும் வரிசையில் ‘தகவல் தொடர்பு இணைப்பு’ என்பதும் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி விடுதி மாணவி போட்ட வழக்கில், இண்டர்நெட் என்பது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம் என்று 2019-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. படிக்கும்போது மார்பு விம்மியது.

ஆனால் நன்றாகக் கவனியுங்கள். இருப்பதைத் துண்டிக்கக் கூடாது என்கிறது பட்டியல். இல்லாததைக் கொண்டுவர, இன்னொருத்தர் சுவரில் ட்ரில் மெஷின் வைக்கலாம் என்று அது சொல்லவில்லை. அது மட்டுமில்லை. சட்டம் என் பக்கம் இருந்தாலும், மோட்டார் சுவிட்ச் அவர் பக்கம் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மறுநாள் காலையில் ஆறு மணிக்கு, ‘சார், தண்ணி ஏத்தலையா?’ என்று மாடிப்படியில் நின்று கேட்க முடியுமா?

எனக்கு வேண்டியது வெற்றி இல்லை. ஓட்டை!

* * *

நவம்பர் கடைசி வாரம் ஆகிவிட்டது. ஆள் போட்டுப் பார்க்கலாம் என்றால் நர்ஸ் ஏஜென்சி சொன்ன தொகை என் சம்பளத்தில் சரிபாதி. மனைவி சம்பளமில்லா லீவ் போடுகிறேன் என்றாள். அவளுக்கு ப்ளஸ் டூ வகுப்பு. அரையாண்டுப் பரீட்சை வாசலில் நின்றது. ராத்திரி இரண்டு பேரும் சமையலறையில் நின்று மெதுவான குரலில் கணக்குப் போட்டோம். மெதுவாகப் பேசினால் அப்பாவுக்குக் கேட்காது என்று எண்ணம்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது அவர் சொன்னார். ‘என்னை ஊருக்கு அனுப்பிடுப்பா. அத்தை பார்த்துக்குவா.’ அத்தைக்கு எழுபத்தி நாலு வயசு. அவரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்ட நாள். காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டி, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் கரண்ட் போனது. ஏழு மணி சுமாருக்குக் கதவு தட்டப்பட்டது. ஓனர் சார், ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச். ‘ஒண்ணுமில்ல, எங்கேயாவது ஒழுகுதான்னு பார்த்துட்டுப் போலாம்னு...’

அறை அறையாக சீலிங்கைப் பார்த்தார். அப்பா அறைக்கு வந்தார். ‘எப்படி சார் இருக்கீங்க?’ என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

‘இருக்கேன் சார். படுத்தே கிடக்கறவனுக்கு சுவர்தானே டி.வி.? உங்க சுவரைத்தான் ரெண்டு வாரமா பார்த்துண்டிருக்கேன்’ என்றார் அப்பா. பிறகு, ‘சார், கொஞ்சம் அந்த ஜன்னல் மேல் மூலையிலே டார்ச்சை அடிங்களேன். நேரா இல்லே, சாய்ச்சு.’

சாய்த்து அடித்தார். பகலில் என் கண்ணில் படாத ஒரு சமாச்சாரம் அந்த வெளிச்சத்தில் நிழல் கட்டித் தெரிந்தது. பட்டி பார்த்து, மேலே இரண்டு மூன்று தடவை பெயின்ட் அடித்து மூடிய ஒரு சின்ன மேடு. அதன் அடியிலிருந்து அரை அங்குலம் கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. அதற்கும் பெயின்ட் பூச்சு.

‘அது என்ன சார்? முதல் நாள்லேர்ந்து மண்டையைக் குடையறது’ என்றார் அப்பா.

ஓனர் சார் எழுந்து போய் விரலால் தடவினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘டெலிபோன் ஒயர்’ என்றார். ‘அப்போ நாங்கதான் மாடியில இருந்தோம். முட்டி வலி வந்தப்புறம்தான் கீழே போனோம். எண்பத்தாறுல போனுக்கு எழுதிப் போட்டேன். தொண்ணூத்தி மூணுல வந்தது. ஏழு வருஷம்! வந்த அன்னிக்கு என் சம்சாரம் தெருவுக்கே கேசரி கொடுத்தா.’

‘ஏழு வருஷமா!’ என்றேன். எனக்குப் பதிமூன்று நாளிலேயே ரத்தக் கொதிப்பு வந்திருந்தது.

‘எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி அப்போ. நடுவுல தொண்ணூத்தி ஒண்ணுல ஊர்ல எங்க அப்பாவுக்கு சீரியஸ். தந்தி மறுநாள்தான் வந்தது. நான் போறதுக்குள்ளே எடுத்துட்டாங்க.’ டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் குரல் மட்டும் வந்தது. ‘போன் இருந்திருந்தா முகத்தைப் பார்த்திருப்பேன்.’

மழைச் சத்தம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். ‘அதனால்தான் சார், இப்போது...’ என்று நாக்கு நுனிவரை வந்த வாசகத்தை விழுங்கினேன். எல்லா இடத்திலும் வாதாடக் கூடாது.

வாசல்வரை போனவர் திரும்பினார். ‘அந்தப் பசங்களை வரச் சொல்லுங்க. ட்ரில் மெஷின் வேண்டாம். புது ஓட்டை கிடையாது. இருக்கறது போதும்.’

* * *

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. வடியாத தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள் இரண்டு பையன்களும். ‘இன்னிக்கு எங்கே பார்த்தாலும் லைன் கட்டு சார். உங்க அப்பா விஷயம் சொன்னீங்களே, அதான் முதல்ல இங்க வந்துட்டோம்.’ பக்கத்து வீட்டில் மாமி வாசலில் நின்றிருந்தார். ராத்திரி காற்றில் அந்த முருங்கைக் கிளை முறிந்து விழுந்திருந்தது. மாமியிடம் நாங்கள் எல்லோரும் அனுமதி கேட்டோம். ஃபெஞ்சல் கேட்கவில்லை. ஒயர் கேபிள்காரர் பெட்டி இருக்கும் பக்கமே போகாமல் கம்பத்திலிருந்து நேராக ஜன்னலுக்கு வந்ததால், அவரும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு குத்து. பட்டி உதிர்ந்தது. உள்ளே அந்தக் காலத்து டெலிபோன் ஒயர். பெரியவன் அதைப் பிடுங்கி எறியவில்லை. வெளிப்பக்கத்து முனையில் புது ஒயரை இறுக்கிக் கட்டினான். சின்னவன் உள்ளேயிருந்து பழைய ஒயரை மெதுவாக இழுக்க, பழசு தன் பின்னாலேயே புதுசை வீட்டுக்குள் அழைத்து வந்தது.

பிறகு ஒரு குட்டி மெஷினில் இரண்டு கண்ணாடி முனைகளை எதிரெதிரே வைத்து மூடினார்கள். திரையில் இரண்டும் தூண் மாதிரி தெரிந்தன. ஒரு மின்பொறி. ஒன்றாக உருகி ஒட்டிவிட்டது. மோடத்தில் சொருகினால்... சிவப்பு விளக்கு!

‘மைனஸ் இருபத்தி ஒம்போது காட்டுது சார். இருபத்தி ஏழுக்கு மேலே போனா எடுக்காது’ என்றான். மைனஸ் பக்கம் நம்பர் ஏற ஏற வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தமாம். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு லேசரை எடுத்து ஒயரின் முனையில் வைத்து அழுத்தினான். உள்ளே ஓடும் வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே சிவப்பாகத் தெரியுமாம். நாங்கள் கம்பத்தைப் பார்த்தோம், ஜன்னலைப் பார்த்தோம். படுக்கையிலிருந்து அப்பா சொன்னார்:

‘ஓட்டை வாய்லேயே சிவப்பா தெரியறது பாருப்பா.’

தெரிந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அந்தக் காலத்தில் ஓட்டையை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வந்த ஒயர் சுவரோடு சுவராகச் சட்டென்று மடங்கியிருந்தது. செம்புக் கம்பி என்றால் எப்படி மடக்கினாலும் பேசும். கண்ணாடிக்கு மானம் ஜாஸ்தி. ‘ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதா வளைக்கக் கூடாது சார்’ என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தைத் தளர்த்தி, அகலமாக ஒரு வளையம் விட்டான். மைனஸ் இருபத்தி ஒன்று. பச்சை விளக்கு.

ஓனர் சார் மாடிப்படியிலேயே நின்றிருந்தார். பையன்கள் நீட்டிய என்.ஓ.சி. காகிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். ‘பழைய துளை வழியாக’ என்று நடுவில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓட்டை வாயைச் சுற்றி ரப்பர் வைத்து அடைக்கும்வரை கீழே போகவில்லை.

திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பா அறை மூலையில் மேஜை போட்டு லாகின் செய்தேன். ஜனவரியில் அவர் வாக்கர் பிடித்து ஜன்னல்வரை நடந்தார். பிப்ரவரியில் கைத்தடி. மார்ச் மாதம் ஊருக்குப் போனார். விழவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த வேலைக்குச் சம்பளம் வந்தது. அவர் கூப்பிட்டபோதெல்லாம் நாலு எட்டில் போனதற்குக் கணக்கு இல்லை.

வீடு பார்க்கக் கிளம்பும் தம்பிமார்களுக்கு இதிலிருந்து மூன்று சமாச்சாரம். முதலாவது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தண்ணீரோடு ஃபைபரையும் கேளுங்கள். அக்ரிமெண்ட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் கை மாறும்வரை வீட்டுக்காரர்களின் காது நன்றாகக் கேட்கும். இரண்டாவது, சுவரைத் துளைக்கும் முன் சுவரைப் பாருங்கள். பழைய டெலிபோன் ஓட்டை, ஏ.சி. குழாய் வழி, ஜன்னல் சட்டத்து இடுக்கு என்று நமக்கு முன்னால் இருந்தவர்கள் ஏதாவது வழி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மூன்றாவது, ‘முடியாது’ என்று சொல்லும் ஓனரிடம், ஏன் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மழைக்காலம் அந்த ‘முடியாது’க்குள் இருக்கும்.

2025 ஜூனில் எங்கள் அக்ரிமெண்ட்டைப் புதுப்பித்தோம். வாடகை ஐந்து சதவிகிதம் ஏறியது. ஷரத்துக்கள் எல்லாம் அப்படியே. பதினாலாவது ஷரத்தும் அப்படியே: ‘வாடகைதாரர் சுவர்களில் ஆணி அடிக்கவோ, துளையிடவோ கூடாது.’ டைப் அடித்த அந்த வரிக்குக் கீழே, நீல மையில், அவருடைய கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘டெலிபோன் துளை நீங்கலாக.’